சூரியனில் வெந்த சோறு: ஆரோவில் சோலார் கிச்சனில் ஐந்து மதியங்கள்

போன தை மாதம் அம்மாவுடன் ஐந்து நாள் ஆரோவில் பக்கம் தங்கியிருந்தேன். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், பல நாட்டவரும் சேர்ந்து வாழ்வதற்கென்று கட்டிய இலட்சிய ஊர் அது. ஐந்து நாளும் மதியச் சாப்பாடு அங்கே இருக்கும் சோலார் கிச்சனில். ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சாப்பாடு எப்படி? நல்ல சாப்பாடு, தாராளமாகப் போகலாம். சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு கல்லூரியில் மானிடவியல் நடத்துகிறேன். பிறந்தது வானூர்ப் பக்கம். அம்மா பதினைந்து பதினாறு வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், ஆரோவில்லுக்குக் கூலி வேலைக்குப் போனவர். குழி வெட்டுவது, வரப்பு போடுவது, மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதனால் அந்தச் செம்மண் எனக்குச் சுற்றுலா இடம் கிடையாது.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "மேடம், யுட்டோப்பியான்னாலே இல்லாத இடம்னுதானே அர்த்தம்? இல்லாத இடத்துக்கு எப்படிக் கள ஆய்வுக்குப் போறது?" குறையில்லாத ஒரு கற்பனை ஊருக்கு, 1516இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. இல்லாத இடம் என்பது சரிதான். ஆனால் அப்படி ஓர் ஊரைக் கட்டியே தீர்வது என்று கிளம்பியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கட்டிய ஊரில் ஒரு சமையலறை கட்டாயம் இருக்கும். சாசனத்தைத் தத்துவ வாத்தியார் படிக்கட்டும், வரைபடத்தைக் கட்டடக் கலைஞர் பார்க்கட்டும். நாம் சமையலறைக்குப் போவோம். யார் காய் அரிகிறார், யார் பரிமாறுகிறார், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், பாத்திரம் யார் கழுவுகிறார் என்று பார்ப்போம். இருபது வருடமாக இந்தப் பதிலைத்தான் சொல்லி வருகிறேன். ஆனால் பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சமையலறையில் நான் இதுவரை ஒரு வாரம் உட்கார்ந்ததில்லை. இந்த முறை அதற்காகவே போனேன்.

பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து பெரியமுதலியார்சாவடியில் திரும்பினால் குயிலாப்பாளையம் வழியாக உள்ளே போகலாம். ஆரோவில்லின் நடுவில் பொன்னிற உருண்டையாக நிற்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரைப் பார்க்க வரும் கூட்டம் பெரும்பாலும் பார்வையாளர் மையத்தைச் சுற்றியே இருந்துவிட்டுத் திரும்பிவிடும். சோலார் கிச்சன் அங்கே குடியிருப்பவர்கள் புழங்கும் பகுதியில் இருக்கிறது. விருந்தினர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ரொக்கம் வாங்குவதில்லை. ஆரோகார்டு என்ற அட்டையில் பணம் போட்டு வைத்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். தங்கும் இடத்தில் கேட்டால் இதற்கெல்லாம் வழி சொல்வார்கள்.

முதலில் மொட்டைமாடியைப் பாருங்கள். 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர ஒளி குவியும் புள்ளியும் நகர்கிறது இல்லையா, அந்தப் புள்ளியின் பின்னாலேயே ஒரு நீளமான உருளை நகர்ந்துகொண்டே போகும். அதில் ஏறும் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, ஆவி கீழே இருக்கும் அண்டாக்களுக்குப் போகிறது. 1997இல் தொடங்கிய சமையற்கூடம் இது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் 1,000 பேருக்கு இரண்டு வேளைக்குச் சமைக்கும் அளவு ஆவி கிடைக்கும் என்று கணக்கு. வானம் மூடிக்கொண்டால் டீசல் பாய்லர் இருக்கிறது. நாங்கள் போன மூன்றாம் நாள் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பாய்லரை நான் மிகவும் மதிக்கிறேன். சமூகவியலாளர் ரோசபெத் காண்டர் அமெரிக்காவில் 1780க்கும் 1860க்கும் இடையில் தோன்றிய 30 இலட்சியக் குடியிருப்புகளை ஒப்பிட்டு 1972இல் ஒரு நூல் எழுதினார். 25 வருடம் தாண்டி நின்றவை 9தான். நின்றவற்றில் எல்லாம் மனிதரைக் கட்டிப்போடும் ஏற்பாடுகள் இருந்தன: ஏதாவது ஒன்றைத் துறந்துவிட்டு வருவது, கையிலிருப்பதைப் போடுவது, சேர்ந்து உழைப்பது, சேர்ந்து சாப்பிடுவது, சேர்ந்து கும்பிடுவது. கனவு மட்டும் இருந்த ஊர்கள் சீக்கிரம் கலைந்துபோயின. ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கியது. அந்தக் கணக்குப்படி இது இரண்டு மடங்கு தாண்டி நிற்கிறது. வெயிலை நம்பிக் கிண்ணம் கட்டியவர்கள் மேகத்தையும் நினைத்து ஒரு பாய்லர் வைத்திருக்கிறார்கள். நின்றதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, தட்டுக்கு வருவோம். முதல் நாள் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பப்பாளிக்காயும் கேரட்டும் துருவிப் போட்ட சாலட், தயிர், தடித்த தோலோடு ஒரு பிரெட் துண்டு. முழுக்கச் சைவம். காய்கறியில் ஒரு பங்கு ஆரோவில் பண்ணைகளிலிருந்தே வருகிறது. பருப்பில் புளி கம்மி, மிளகாய் கம்மி. பல நாட்டு நாக்குக்கும் பொதுவாகச் செய்த பதம் அது. இரண்டாம் நாளே எனக்கு அது பழகிவிட்டது. கீரையை ஐந்து நாளும் இரண்டு தடவை வாங்கினேன். ஆவியில் வெந்த காய்க்கு ஒரு குணம் உண்டு: நிறம் போகாது, குழையாது. கரண்டி வைத்ததும் பச்சை வாசனை எழும். இந்தச் சமையற்கூடத்தில் ஒரு பொருளைச் சாப்பிடுங்கள் என்றால் கீரையைச் சொல்வேன்.

இனி நான் பார்க்கப் போன விஷயம்.

ஆரோவில் தொடங்கிய அதே 1968இல் மக்கிம் மேரியட் என்ற மானிடவியலாளரின் கட்டுரை ஒன்று வெளியானது. உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில், சமைத்த உணவை எந்தச் சாதி எந்தச் சாதியிடம் வாங்கும், எதனிடம் வாங்காது என்று கட்டம் போட்டுக் கணக்கெடுத்தார். யார் மேலே யார் கீழே என்று வாயால் கேட்க வேண்டியதே இல்லை, சோறு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும் என்பது அவர் காட்டியது. ஐந்து நாளும் நோட்டில் நான் போட்டது அந்தக் கட்டம்தான்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர், அவருக்கு முன்னால் குஜராத்தி பேசும் தம்பதி, பின்னால் ஆலங்குப்பத்துப் பையன் ஒருவன், கொரியப் பெண் ஒருத்தி. ஒரே கரண்டி. ஒரே மாதிரித் தட்டு. பெயரையோ ஊரையோ தெருவையோ யாரும் கேட்கவில்லை. இது பெரிய விஷயமா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கு வெளியே ஓட்டில் செருகி வைத்த கண்ணாடித் தம்ளர். அந்தக் கடையிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரத்தில் இந்த வரிசைக்கு வந்துவிடலாம். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இலட்சிய ஊரை எவ்வளவு விமர்சித்தாலும் இந்த ஒரு வரிசைக்காக நான் அதற்கு நன்றிக்கடன்பட்டவள்.

கட்டத்தின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர், துடைப்பவர் என்று பார்த்தால் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். பேச்சை வைத்தே எந்தப் பக்கத்து ஊர் என்று எனக்குத் தெரிந்தது. ஆரோவில்வாசிகளும் கூட நின்று வேலை செய்கிறார்கள், அதையும் பார்த்தேன். ஆனாலும் எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்கிறது. ஆரோவில்லில் குடியிருப்பவர்கள் 60 நாடுகள் அளவிலிருந்து வந்த 3,300 பேர் போல. தினமும் சுற்று ஊர்களிலிருந்து அங்கே வேலைக்கு வந்து போகிறவர்கள் 5,000 பேர் என்று சொல்லப்படுகிறது. ஊரில் இருப்பவரைவிட வந்து போகிறவர் அதிகம். இலட்சிய ஊரைப் பற்றி ஆராயும்போது, குடியிருப்பவரை மட்டும் எண்ணினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

இது ஆரோவில்லுக்கு மட்டும் உரிய சங்கதி கிடையாது. மானிடவியலாளர் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1951இல் இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸில் போய்த் தங்கினார். கிப்புட்ஸ் என்பது சொத்து பொது, உழைப்பு பொது, பிள்ளை வளர்ப்பும் பொது என்று கட்டிய கூட்டுப் பண்ணை. முதலாவதான தெகானியா 1910இல் எழுந்தது. ஸ்பைரோ தான் தங்கிய பண்ணையின் உண்மைப் பெயரை மறைத்து, இலட்சிய ஊரின் அன்றாடத்தை ஒரு பழங்குடிக் கிராமத்தை எழுதுவது போல எழுதினார். ஆணும் பெண்ணும் சமம் என்று தொடங்கிய அந்த ஊரில் பெண்கள் கடைசியில் வந்து நின்ற இடம் சமையலறை, சலவைக்கூடம், குழந்தைகள் இல்லம். வீட்டுச் சமையலிலிருந்து விடுதலை கிடைத்தது. நூறு பேருக்குச் சமைக்கும் வேலை வந்து சேர்ந்தது. அங்கிருந்த பெண்களின் மனக்குறையை ஸ்பைரோ அப்போதே பதிவு செய்திருக்கிறார். சாசனத்தை மட்டும் படித்திருந்தால் அது தெரிந்திருக்காது.

கிப்புட்ஸ் சாப்பாட்டுக்கூடத்துக்கு அப்புறம் நடந்ததும் எனக்கு முக்கியம். எண்பதுகளின் பொருளாதார நெருக்கடியில் பண்ணைகள் கடனில் மாட்டின. அதற்குப் பின் பல இடங்களில் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் கணக்கு வந்தது. எடுத்த பதார்த்தத்துக்கு ஏற்ப அவரவர் கணக்கில் கழித்தார்கள். பிறகு பல கூடங்கள் வேளைகளைக் குறைத்தன, சில மூடிவிட்டன. ஆரோகார்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த நினைப்பு வராமல் இல்லை. அங்கே பொதுச் சாப்பாடு கணக்குக்குப் போனது. இங்கே எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடக்கிறது. பூர் தூஸ் விநியோக மையம் என்று ஒன்று உண்டு, பெயருக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். உறுப்பினர்கள் மாதம் ஒரு தொகை செலுத்திவிட்டு, விலைச்சீட்டு இல்லாத பொருள்களை வேண்டிய அளவு எடுத்துப் போகலாம். விருந்தினருக்கு அங்கே வாங்க முடியாது. விலை தெரியாமல் ஒரு சோப்பை எடுக்கும் கை எவ்வளவு எடுக்கும்? மானிடவியலில் இதைவிட நல்ல கேள்வி இருக்கிறதா என்று தெரியவில்லை. என் மாணவி ஒருத்திக்கு இதையே ஆய்வுத் தலைப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவை முதல் நாளே கூட்டிப் போக முடியவில்லை. "அங்க வேலைக்குத்தான் போவாங்க, சாப்புடவா போவாங்க?" என்று அறையிலேயே இருந்துவிட்டார். காரணம் பிறகு தெரிந்தது. நாங்கள் தங்கிய விடுதியில், பெயர் வேண்டாம், காலையில் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து வரவேற்பு மேசைப் பையன், "பின் பக்கமா போங்க, வேலையாளுங்க வழி அதுதான்" என்று சொல்லியிருக்கிறான். அம்மா பதில் பேசாமல் அறைக்கு வந்துவிட்டார். அந்தப் பையனிடம் நான் போய்ப் பேசினேன். அவனும் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். மன்னிப்புக் கேட்டான். ஆனால் சேலையையும் செருப்பில்லாத காலையும் பார்த்து வழி பிரிக்க அவனுக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் வந்தார். வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு என் முதுகோடு ஒட்டி நின்றார். பரிமாறிய பெண் அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, "எந்த ஊரு ஆயா?" என்றார். அம்மா ஊரைச் சொன்னதும், "எங்க பெரியம்மாவ அங்கதான் குடுத்திருக்கு" என்று ஆரம்பித்து, கீரையை ஒரு கரண்டி கூடவே வைத்தார். எங்கள் மேசையில் ஏற்கனவே நரைத்த தாடியோடு ஒரு ஐரோப்பியர் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு வணக்கம் சொன்னார், நல்ல தமிழில், வானூர் இழுப்போடு. எழுபதுகளில் வந்தவராம். எந்தக் காட்டில் வேலை, எந்த வருடம், அப்போது யார் மேஸ்திரி என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீரை மாட்டுவண்டியில் பீப்பாயில் கொண்டுவந்து, அங்கிருந்து குடத்தில் சுமந்து ஊற்றியதை அம்மா கையை ஆட்டிச் சொன்னார். "அப்பல்லாம் இவங்களும் எங்களோட குந்திக்கிட்டுக் கூழு குடிப்பாங்க. வெங்காயம் கடிச்சிக்குவாங்க. யாரு மொதலாளி, யாரு கூலின்னே தெரியாது" என்றார். அவரும் தலையாட்டினார்.

மானிடவியலாளர் விக்டர் டர்னர் 1969இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார், கம்யூனிடாஸ். பதவி, வயது, சாதி எல்லாம் கொஞ்ச நேரம் கழன்று விழுந்து, மனிதரும் மனிதரும் நேருக்கு நேர் நிற்கும் நிலை. பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்குப் புரியும். மேலதிகாரியும் கடைநிலை ஊழியரும் ஒரே திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். டர்னர் இதோடு நிறுத்தவில்லை. அந்த நிலை நீடிக்காது, அதைத் தக்கவைக்க விதி வேண்டும், விதி வந்தால் மறுபடியும் படிநிலை வரும் என்றும் சொன்னார். கூழ் குடித்த காலத்துக்கும் அட்டை காட்டும் காலத்துக்கும் நடுவில் ஆரோவில்லில் நடந்தது இதுதான். 1973இல், ஆரோவில்லைத் தொடங்கியவரும் அன்னை என்று அழைக்கப்பட்டவருமான மிரா அல்ஃபாசா மறைந்தார். நிர்வாகத் தகராறு வந்தது. 1980இல் அவசரச் சட்டம், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு, 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம். யாருக்கும் சொந்தமில்லை, மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்று சாசனம் சொல்லும் ஊருக்கு இன்று நிர்வாகக் குழு, வாசிகள் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என்று மூன்று அமைப்புகள்.

சாப்பிட்டு முடித்துத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "இந்தப் பக்கம் உக்காந்து சாப்புடறது இதான் மொத தடவ."

அன்று சாயங்காலம் பக்கத்தில் இருக்கும் இரும்பைக்குப் போனோம். மாகாளேஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். அந்தக் கோயிலில் கடுவெளிச் சித்தர் கதை சொல்வார்கள். தேவதாசி வள்ளி ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துக் கட்டிவிட, சபை சிரிக்க, அவர் பாட, லிங்கம் வெடித்தது. கோபத்தில் இந்த மண் வறண்டு போகட்டும் என்றார் சித்தர். இந்தக் கதையை ஆரோவில் பக்கம் சொல்லும்போது ஒரு முடிவு உண்டு: தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்த மண்ணைப் பச்சையாக்கும்போது சாபம் தீரும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி தொன்மத்தைச் சாசனம் என்றார். இன்று இருக்கிற ஏற்பாட்டுக்கு நேற்றிலிருந்து வாங்கி வைத்த பட்டா மாதிரி. ஆரோவில்லுக்கு இரண்டு சாசனம் என்று எனக்குத் தோன்றும்: 1968இல் அன்னை பிரெஞ்சில் கைப்பட எழுதியது ஒன்று, இந்தக் கதை இன்னொன்று. அம்மா சொல்லும் கதை சாபத்தோடு முடிந்துவிடும். தூரத்து மனிதர் அதில் வருவதில்லை. அவர்களோடு சேர்ந்து தண்ணீர் சுமந்த அம்மாவும் வருவதில்லை.

மண் வறண்டு கிடந்தது உண்மை. செம்மண் அரித்து, ஓடை ஓடையாகப் பிளந்து, பனையும் முந்திரியும் மட்டும் நின்ற மேடு அது. ஆனால் வெற்று நிலம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஆட்கள் அதில் மானாவாரிக் கம்பும் கேழ்வரகும் போட்டார்கள், ஆடு மேய்த்தார்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து நிலம் வாங்கப்பட்டது. இந்தத் தமிழ் நிலத்தின் கோணத்திலிருந்து ஆரோவில்லைக் காலனியத்துக்குப் பிந்திய வரலாற்றில் வைத்து 2012இல் எழுதியவர் வரலாற்றாய்வாளர் ஜெசிகா நமக்கல். அங்கேயே வளர்ந்து, உள்ளிருந்து அதை ஆராய்ந்து எழுதியவர் சூர்யமயி கிளாரன்ஸ்-ஸ்மித். இருவர் சொல்வதையும் வகுப்பில் சேர்த்தே நடத்துகிறேன். இன்னும் ஒரு இடம் காலியாக இருக்கிறது: காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பும் பெண், அந்த ஊரைப் பற்றி எழுதும் எழுத்து. என் ஆசை அதுதான்.

பச்சை வந்த கதை எனக்கு எந்தத் தொன்மத்தையும்விடப் பெரியது. முதலில் மழைத்தண்ணீர் ஓடாமல் வரப்பு. பிறகு வறட்சி தாங்கும் அக்கேசியா. அதன் நிழலில் இந்தக் கரையோரத்துக்கே உரிய மரங்கள், வீரை, காசான், பாலை. அவற்றின் விதை எங்கே இருந்தது? கோயில் காடுகளில். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில், சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்ட மரங்களில். உலகமெல்லாம் பேசும் அந்தக் காட்டுக்கு விதைநெல் அய்யனார் கொடுத்தது.

அதனால்தான் 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டபோது எங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. ரோஜர் ஆன்ஷே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் விண்மீன் மண்டலம் போல, 50,000 பேருக்கு, ஒரு நகரத்தை வரைந்தார். அந்த வரைபடத்தில் இந்தச் சாலை ஒரு வட்டம். வரைந்தபடி நகரைக் கட்ட வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், ஐம்பது வருடத்தில் வளர்ந்து நிற்பதைப் பார்த்துத் திட்டத்தை வளைக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மேற்கொண்டு கட்டுவதைத் தடுத்து உத்தரவிட்டது, 2025இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டு பக்கமும் அன்னையின் வார்த்தைகளைத்தான் மேற்கோள் காட்டுகிறது. நான் மரத்தின் பக்கம். சாலையோரம் நடக்கும்போது அம்மா ஒரு மரத்தைத் தொட்டு, "இது எங்க செட்டு வச்சதா இருக்கும்" என்றார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைத் தொட அவருக்கு உரிமை உண்டு.

ஐந்து நாள் முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. கடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர் போனோம். தைப்பூசக் கூட்டம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. தமிழில் இலட்சிய ஊரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அங்கே போகாமல் முடியாது. 1867இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலம். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பெயரே அணையா அடுப்பு. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் மூன்று வேளையும் சாப்பாடு. நாங்கள் போனது மதியம். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். பக்கத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர், எதிரே இரண்டு சாமியார்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன்.

இரண்டு சமையலறைக்கும் நடுவில் பஸ்ஸில் சில மணி நேரம்தான். ஒன்றில் விறகு, மற்றதில் வெயில். வடலூரில் நுழையத் தேவையான தகுதி பசி ஒன்றே. அட்டை கிடையாது, முன்கூட்டிச் சொல்ல வேண்டியது கிடையாது. அந்த வகையில் அதன் வாசல் ஆரோவில்லின் வாசலைவிட அகலம். ஆனால் வடலூர் உங்களைச் சாப்பிடச் சொல்கிறது, சாப்பிட்டபின் எழுந்து உங்கள் தெருவுக்குத் திரும்பலாம். அங்கே உங்கள் டீக்கடை அப்படியே இருக்கும். ஆரோவில் கேட்பது வேறு: வீடு, சொத்து, பிள்ளைகளின் படிப்பு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் சேர்த்து வாழ்ந்து காட்டு என்கிறது. அது பெரிய வேலை. அதனால் அதன் தவறுகளும் பெரிதாகத் தெரிகின்றன. இரண்டு ஊரும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்துச் செம்மண்ணில் பிறந்தவளாக, இரண்டும் எனக்கு வேண்டும்.

போகிறவர்களுக்கு: மாத்ரிமந்திரைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பும் திட்டம் இருந்தால் சோலார் கிச்சன் உங்களுக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று நாளாவது தங்குங்கள். வெயில் அடிக்கும் நாளில் மொட்டைமாடிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். முழங்கையளவு இடம் காலியாக இருக்கும் மேசையில், தெரியாத ஆள் பக்கத்தில் உட்காருங்கள். தமிழில் பேச்சுக் கொடுங்கள், பதில் தமிழில் வரும் வாய்ப்பு அதிகம். பரிமாறும் அக்காக்களிடம் ஊர் பெயரைக் கேளுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் காரம் பற்றிக் கவலை வேண்டாம். வயதானவர்களை அழைத்துப் போங்கள், அதிலும் அந்தப் பக்கம் வேலை செய்த வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம்.

ஐந்தாம் நாள் மதியம் கடைசிச் சாப்பாடு. கீரை, சிவப்பரிசி, வாழைப்பூக் கூட்டு. தாடிக்காரர் அன்று வரவில்லை. அம்மா அவருடைய நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தானே போய் வைத்தார். பரிமாறும் பெண்ணிடம் போய், "நாளைக்கு இன்னா கீர?" என்று கேட்டார். நாளைக்கு நாங்கள் இருக்க மாட்டோம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண், "பண்ணைலேருந்து எது வருதோ அது ஆயா. வந்து பாரேன்" என்றார்.